குறடு வேண்டாம், குழாய் வேண்டும்!

பர்கூர் என்ற பெயரைக் கேட்டவுடன் அரசியல் தோழர்களுக்கு இரண்டு ஆண்டுகள் நினைவுக்கு வரும். 1991-ஆம் ஆண்டிலே ஒரு முதலமைச்சரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. 1996-ஆம் ஆண்டிலே அதே முதலமைச்சரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிய தொகுதியும் அதுதான். அந்த இரு தேர்தல்களிலும், அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்த தேர்தல்களிலும், வாக்குக் கேட்டு வந்தவர்கள் எத்தனை எத்தனை பேர்! கும்பிட்டவர்கள் உண்டு, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் உண்டு, ஆரத்தித் தட்டிலே பணம் போட்டவர்களும் உண்டு. அந்த மக்களின் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகத் தவங்கிடந்தார்கள். அந்த வாய்க்குள் இருக்கும் பல்லைப் பார்த்தவர் எத்தனை பேர்?

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் வாலிபர்கள் அந்தச் சீமையிலே ஏராளம். ஓசூருக்கு வேலை கேட்டுப் போகிறவன், மேலாளர் முன்னே வாயைப் பாதி திறந்து பதில் சொல்கிறான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், தாய் தன் மகளிடம் முதலிலே சொல்லும் புத்திமதி, "சிரிக்காதே, தலையைக் குனிந்துகொள்" என்பது. நாணத்தால் அல்ல தோழர்களே, பல்லிலே படிந்திருக்கும் பழுப்புக் கோட்டால்!

வெளியூர்க்காரன் என்ன நினைக்கிறான்? "பல் துலக்காத பயல்கள், பீடி குடித்துக் கெட்ட பற்கள்" என்கிறான். ஏழையின் உடம்பிலே எந்தக் குறை தெரிந்தாலும் அது அவனுடைய சோம்பலால் வந்தது என்று தீர்ப்புச் சொல்வது வசதி படைத்தவர்களுக்குப் பழகிப்போன பேச்சு. உண்மை அதற்கு நேர்மாறானது. வேப்பங்குச்சியால் நாள்தோறும் தேய்த்தாலும், விலை உயர்ந்த பசையைக் கொண்டு மூன்று வேளை துலக்கினாலும் அந்தக் கோடு போகாது. அது பல்லின் மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. பல் உருவாகும் காலத்திலேயே அதற்குள் இறங்கிவிட்ட பழுது. இறக்கி விட்டது எது? குடித்த தண்ணீர்!

பர்கூர் கல்லுக்குப் பேர்போன ஊர். பாறையை அறுத்துப் பாளமாக்கி லாரியிலே ஏற்றித் தொலைதேசங்களுக்கு அனுப்புகிறோம். அந்தப் பாறை நம் பிழைப்பு. அதே பாறைதான் நம் பல்லுக்குப் பகை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துப் பாறையிலே புளோரைடு என்ற பொருள் கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கிலே ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் நீர் அந்தப் பொருளைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. நிறமில்லை, வாடையில்லை, ருசியிலே வேறுபாடு தெரியாது. கண்ணாடி போலத் தெளிந்த நீர்! அம்மா அன்போடு ஊட்டிய நீர்!

குழந்தையின் ஈறுக்கு உள்ளே, வெளியே தெரியாமல், நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் ஒன்று உண்டு. பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை. அந்தக் காலத்திலே குடிக்கும் நீரில் புளோரைடு மிகுந்திருந்தால், பல்லின் மேற்பூச்சான எனாமல் கெட்டியாக அமையாமல் பொறைபொறையாகிவிடுகிறது. ஆறு ஏழு வயதிலே பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது, சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்திட்டு தெரியும். நாளாக ஆக அது மஞ்சளாகிப் பழுப்பாகும். முற்றினால் குழி விழுந்து உடையும். பல் வெளியே வந்து நாம் பார்க்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். கட்டடம் எழும்பும்போதே செங்கல்லில் குறை. பிறகு வெள்ளையடித்து என்ன பயன்?

இங்கேதான் நம் அரசியல் கேள்வி பிறக்கிறது. "பல் மருத்துவம் வேண்டும்" என்று நாம் கேட்கும்போதெல்லாம் எதைக் கேட்கிறோம்? நாற்காலி கேட்கிறோம், குறடு கேட்கிறோம், டாக்டர் கேட்கிறோம். முகாம் நடத்தி எத்தனை பல் பிடுங்கினோம் என்று கணக்குப் படிக்கிறோம். கெட்ட பிறகு சரிசெய்வதையே மருத்துவம் என்று எண்ணப் பழகிவிட்டோம். இந்தப் பழுப்புப் பல்லுக்கு நாற்காலியிலே உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? மேல்பரப்பைச் சற்றே உராய்ந்து எடுக்கலாம், மருந்து தடவி வெளுக்கலாம், மேலே மெல்லிய தகடு ஒட்டலாம், உறை மாட்டலாம். எல்லாம் மறைக்கும் வேலை. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனிக் கூலி. கல் குவாரியிலே நாள்கூலி வாங்குகிறவன் தன் மூன்று பிள்ளைகளின் முன்பற்களுக்கு உறை போடுவது என்றால், அந்தப் பணத்துக்கு எங்கே போவான்?

தண்ணீரை மாற்றியிருந்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் அல்ல.

அமெரிக்காவிலே கொலராடோ மலைநாட்டில் 1901-ஆம் ஆண்டிலே மக்கே என்ற இளம் பல் டாக்டர் தொழில் தொடங்கினார். ஊரிலே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லெல்லாம் பழுப்பாக இருப்பதைக் கண்டு திகைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் தேடி, குற்றவாளி தண்ணீரிலே ஒளிந்திருக்கிறான் என்று தெளிந்தார். ஆனால் அவன் பெயர் மட்டும் தெரியவில்லை. 1923-ஆம் ஆண்டிலே ஐடஹோ மாகாணத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்கு அவரை அழைத்தார்கள். தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் தங்கள் பிள்ளைகளின் பல்லில் கறை விழுந்தது என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். மக்கே சொன்ன வைத்தியம் ஒரே வரி: அந்தக் குழாயைக் கைவிடுங்கள், பக்கத்திலுள்ள வேறு ஊற்று நீரைக் குடியுங்கள். ஊரார் கேட்டார்கள். சில ஆண்டுகளிலே, அடுத்து வந்த சிறுபிள்ளைகளின் நிலைப்பற்கள் வெள்ளைவெளேரென்று முளைத்தன. என்ன நஞ்சு என்று பெயர் தெரிவதற்கு முன்பே நோய் ஓடிவிட்டது! பெயர் 1931-ஆம் ஆண்டிலேதான் தெரிந்தது. அதைக் கண்டவர் ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர் சர்ச்சில். (இங்கிலாந்துப் பிரதமரல்ல, வேறு ஆள்.) தங்கள் பாத்திரத்தின் மேலே பழி விழுமோ என்ற அச்சம் அந்தக் கம்பெனிக்கு. சுயநலத்திலும் சிலவேளை பொதுநலம் முளைக்கிறது!

"அதெல்லாம் அமெரிக்கா" என்று தள்ளிவிட முடியாது. 1937-ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவிலே இதே நோயைக் கண்டு, ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவரும் மருத்துவ இதழிலே எழுதினார்கள். பல்லோடு நிற்கவில்லை, முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், குனிய முடியாமல் போன உழவர்களையும் அந்தப் பகுதியிலே கண்டார்கள். இந்தியாவிலே இந்த நோய் முதன்முதலாக ஏட்டிலே ஏறியது அப்போதுதான். அன்று கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவிலே இருந்தது. நெல்லூரும் சேலமும் ஒரே மாகாணத்துக்குள்ளே, ஒரே கோட்டையின் ஆளுகையிலே.

1937-லே ஏட்டில் ஏறிய செய்திக்குப் பதிலாகக் காவிரி நீர் கிருஷ்ணகிரி மக்களுக்குக் குழாயிலே வந்தது 2013-லே. கழித்துப் பாருங்கள் தோழர்களே. 76 ஆண்டுகள்! பாட்டன், தந்தை, மகன், பேரன். வெள்ளைக்காரன் போனான், பல கட்சிகள் ஆண்டன, ஜில்லா இரண்டு முறை பிரிந்தது. 1965-லே தருமபுரி தனி, 2004-லே கிருஷ்ணகிரி தனி. எல்லை மாறியது, பலகை மாறியது, பல்லின் நிறம் மட்டும் மாறவில்லை.

அந்த இடைக்காலத்திலே நாம் சும்மாவும் இருக்கவில்லை. அதுதான் வேதனை. வறட்சி வந்தது, கிணறு வற்றியது, நல்லெண்ணத்தோடுதான் ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு தோண்டினோம். அடிபம்பு வந்த நாளில் மேளம் கொட்டினோம். திறந்த கிணற்றின் மேல்நீரைக் காட்டிலும், பாறையின் ஆழத்திலிருந்து வரும் நீரிலே புளோரைடு மிகுதியாக இருக்கும் என்பதை யாரும் ஊராருக்குச் சொல்லவில்லை. காலராவிலிருந்து காக்கத் தோண்டிய குழாய் பல்லையும் எலும்பையும் பதம் பார்த்தது. அதற்காகக் குழாய் போட்டவர்களைப் பழிப்பதற்கில்லை. தோண்டிய நீரைச் சோதித்துப் பார்க்காமல் விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இடையிலே ஒரு வழி கண்டார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து நீரைத் தெளியவைத்துப் புளோரைடைக் குறைக்கும் முறை. அன்றைய ஆந்திரத்து நல்கொண்டாவின் பெயராலே வழங்குவது. நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த நல்ல முறைதான். ஆனால் நாள் தவறாமல் அளவறிந்து கலக்க ஆள் வேண்டும், படிகாரம் வேண்டும், அடியில் தங்கும் சேற்றை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு மாதம் ஆள் வராவிட்டால் தொட்டி வெறும் தொட்டியாகிவிடும். ஊர்ப் பொதுச் சொத்தைப் பராமரிப்பது எப்படி நடக்கிறது என்று நமக்கா தெரியாது!

ஆகவே மேலேயிருந்து, பாறைக்குள் புகாத ஆற்று நீரையே கொண்டுவருவது ஒன்றே நிலையான வழி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரைப் படித்தவர்கள் குறைவு. "ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம்" என்பது அதன் பெயர். நோயின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய குடிநீர்த் திட்டம்! 1998-லே மைய அரசின் இசைவு கிடைத்தது. 2008-லே அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டிலே எல்லையின் இருபுறமும் எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. பெங்களூரிலே தமிழ்ப்படக் கொட்டகைகள் தாக்கப்பட்டன. சென்னையிலே நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டமே சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-லே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்ச் செலவு. காவிரி பள்ளத்திலே ஓடுகிறது. ஓசூர் மேட்டிலே நிற்கிறது. அத்தனை உயரத்துக்கு நீரை ஏற்றி, இரண்டு ஜில்லாக்களின் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்குப் பகிர்வது எளிய காரியமல்ல. அடிக்கல் நாட்டியது ஓர் ஆட்சி, திறந்து வைத்தது இன்னோர் ஆட்சி. யாருக்குப் புகழ் என்ற வழக்கை மேடையிலே வைத்துக்கொள்ளலாம். குடித்தவன் எல்லாக் கட்சிக்காரனும்தான்.

எல்லைச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பர்கூர்ச் சந்தையிலே நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே நேரத்தில் காதிலே விழும். எல்லைக்கு அப்பால் கோலார், பாவகடா பகுதி உழவனின் பல்லிலும் இதே பழுப்புக் கோடுதான். பாறைக்கு எந்த மொழியும் தெரியாது. அன்று கூச்சலிட்டவர்கள் அங்கேயுள்ள ஓர் ஆரம்பப்பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்திருந்தால், நம்மோடு சேர்ந்து நீர் கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1,928 கோடியும் எந்தக் கணக்கிலே எழுதப்பட்டது? குடிநீர்க் கணக்கிலே. மருத்துவக் கணக்கிலே அல்ல. இந்த வட்டாரத்துக்கு இதுவரை கட்டப்பட்ட ஆகப் பெரிய பல் ஆஸ்பத்திரி அந்தக் குழாய்தான். ஆனால் எந்த மருத்துவ அறிக்கையிலும் அதை ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டார்கள். பிடுங்கிய பல்லுக்குக் கணக்குண்டு. கெடாமல் நின்ற பல்லுக்குக் கணக்கேது? நாற்காலி வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். பழுப்பாகாமல் போன பல்லைப் பக்கத்திலே நிறுத்திவைத்து எந்த மந்திரி படம் எடுத்துக்கொள்வார்? வருமுன் காக்கும் வேலைக்கு ஓட்டுக் கிடைப்பதில்லை என்று அரசியல்வாதிகள் நினைப்பதற்குக் காரணம், அந்த வேலையை நாம் கேட்கத் தெரியாமல் இருப்பதுதான்.

"பேசுவதெல்லாம் சரி, இன்றிரவு என் கடைவாய்ப்பல் குத்துகிறதே, அதற்கு என்ன வழி?" என்று ஒரு தொழிலாளத் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. பல்வலியோடு எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பது என்ன கொடுமை என்பதை நின்றவனே அறிவான். குறடு கூடாது என்று நாம் சொல்லவில்லை. வட்டாரத்து ஆஸ்பத்திரிகளிலே பல் டாக்டர் இருக்கத்தான் வேண்டும், வலிக்கு அன்றே வழி கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் குறட்டோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டிலே அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953-லே சென்னையிலே தோன்றியது. சிதம்பரத்துக் கல்லூரி பின்னாளிலே அரசின் கைக்கு வந்தது. 2023-லே புதுக்கோட்டையிலே மற்றொன்று திறந்தார்கள். மூன்றுமே பர்கூரிலிருந்து நெடுந்தொலைவு. இன்னும் பத்துக் கட்டினாலும், கெட்டுவரும் பல்லின் எண்ணிக்கையை அவை துரத்திப் பிடிக்க முடியாது. ஓட்டைப் படகிலே நீரை இறைக்கிறவன் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஓட்டையை அடைக்கிறவன் ஒருவனாவது வேண்டாமா?

ஏற்கெனவே பழுப்பான பல்லோடு வளர்ந்துவிட்ட வாலிபர்களின் வழக்கு வேறு. அவர்கள் குடித்தது சர்க்கார் தோண்டிய குழாயின் நீர். ஆகவே அவர்களுடைய முன்பற்களைச் சர்க்கார் தன் செலவிலே சீர்செய்து தருவது தருமமல்ல, கடன்! வேலைக்கும் திருமணத்துக்கும் போகும் வயதினருக்கு முதலிடம் கொடுத்து இதைச் செய்ய வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. "அழகுச் சிகிச்சை" என்று அதிகாரி கோப்பை மூடுவாரானால், அவரும் ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

இனி, குழாய் வந்துவிட்டதால் கவலை தீர்ந்ததா? இல்லை. ஆற்று நீர் வந்து சேரும் மேல்நிலைத் தொட்டியிலே, போதவில்லை என்று ஆழ்குழாய் நீரையும் கலந்துவிட்டால் நோய் பாதி வழியிலே திரும்பி வரும். குடிக்க மட்டும் குழாய் நீர், சோறு பொங்கவும் குழம்பு வைக்கவும் பழைய பம்பு நீர் என்றால், நஞ்சு சோற்றோடு உள்ளே போகும். மின்சாரம் நின்ற நாளில் கடைக்கோடி ஊருக்கு நீர் ஏறாது. அன்று அவர்கள் பழைய பம்புக்குத்தான் போவார்கள். காசுள்ளவர் வடிகட்டிய நீரைக் கேனிலே வாங்குகிறார்கள். அந்த எந்திர வடிகட்டி புளோரைடையும் நீக்குகிறது, மெய்தான். ஆனால் நல்ல நீருக்கு ஏழை தினந்தோறும் விலை கொடுக்க வேண்டும் என்பது அவன் மேல் விழும் இன்னொரு வரி.

எல்லோரையும்விட மறக்கப்பட்டவர்கள் குவாரி ஓரத்திலும் சூளை ஓரத்திலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் குடிசை போட்டிருப்பவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஓசூர், பர்கூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள் அவர்களிலே பல. அங்கே பஞ்சாயத்துக் குழாய் எட்டாது. ஒப்பந்தக்காரன் டிரம்மிலே நிரப்பிவைக்கும் ஆழ்குழாய் நீர்தான். வெயிலிலே கல் உடைப்பவன் நிழலிலே உட்காருபவனைவிடப் பல மடங்கு நீர் குடிக்கிறான். அதே அளவு புளோரைடும் கூடவே இறங்குகிறது. வளர்ந்தவனின் பல்லுக்கு அதனால் கேடில்லை, எலும்புக்கு உண்டு. அவன் பக்கத்திலே மணலில் விளையாடும் இரண்டு வயதுக் குழந்தைக்கோ இரண்டுக்கும் கேடு. வேலைத்தளத்திலே நல்ல குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. "தண்ணீர் வைத்திருக்கிறோம்" என்று அவர் சொன்னால் போதாது. என்ன தண்ணீர் என்று சங்கத் தோழர்கள் கேட்க வேண்டும். கூலி உயர்வுக் கோரிக்கையின் பக்கத்திலே இதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பல்லின் பகை இது ஒன்றுதானா? சொத்தைப் பல்லும் உண்டு. அதைத் தருவது தண்ணீரல்ல, சர்க்கரை. கடைக்குக் கடை தொங்கும் மிட்டாய்ச் சரமும், டீயோடு நனைத்துத் தரும் இனிப்பு பிஸ்கோத்தும் பிள்ளைகளின் பல்லை அரிக்கின்றன. இங்கே ஒரு விந்தை. மிகுந்தால் பல்லைக் கெடுக்கும் அதே புளோரைடு, சிறு அளவிலே சொத்தையைத் தடுக்கிறது! அதனாலே 1945-லே அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரிலே குடிநீரில் அளவறிந்து அதைக் கலக்கவே தொடங்கினார்கள். நமக்கு அந்தக் கலப்பு வேண்டியதே இல்லை. நம் பாறை அளவுக்கு மேலேயே கலந்து தருகிறது. ஆனால் பற்பசையிலே இருப்பது நல்லதே, துப்பிவிடுகிறோமாகையால். சிறுபிள்ளைக்குப் பட்டாணி அளவோ அதற்கும் குறைவாகவோ பசை போதும். விழுங்காமல் துப்பச் சொல்லிப் பக்கத்திலே நிற்க வேண்டும். விளம்பரத்திலே காட்டுவதுபோல் தூரிகை முழுக்கப் பிதுக்குவது கம்பெனிக்கு லாபம், குழந்தைக்கு நட்டம். செங்கல் பொடியும் புகையிலைப் பொடியும் எந்த வயதிலும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலே இதைச் செய்ய முடியும். நியூசிலாந்து நாட்டார் 1921-லேயே பள்ளிகளுக்கென்று பல் செவிலியரைப் பயிற்றத் தொடங்கினார்கள். அவர்கள் உதவியோடு 1950-களிலே இலங்கையும் மகரகமையிலே அத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் நியூசிலாந்திலே நெடுங்காலம் அந்தச் செவிலியர் குடைவதும் அடைப்பதுமாகவே இருந்ததால், பிள்ளைகள் அந்த அறைக்குக் "கொலைக்கூடம்" என்று பெயர் வைத்தார்கள்! திட்டம் நல்லதாக இருந்தும் ரிப்பேர் புத்தி எப்படி உள்ளே புகுந்துவிடுகிறது, பாருங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டார் பிற்பாடு வேறு பாதை பிடித்தார்கள். டாக்டர் வேண்டாம், நாற்காலி வேண்டாம்; ஆசிரியர் முன்னிலையிலே வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நாள்தோறும் கை கழுவிப் பல் துலக்குகிறார்கள். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே 2023 முதல் எங்கும் காலைச் சிற்றுண்டி உண்டு. உண்ட பிறகு ஐந்து நிமிடம், ஒரு தூரிகை, ஒரு துளி பசை. இதற்கு எத்தனை கோடி வேண்டும்? ஆனால் வாய் கொப்பளிக்கும் நீர் ஆற்றுக் குழாயிலிருந்து வரவேண்டும். அதை மறந்து தொடங்கினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதை.

பெரியவர்களுக்கு வாயிலே இன்னொரு எமன் இருக்கிறான், குட்கா என்ற பெயரிலே. 2013 முதல் தமிழ்நாட்டிலே தடை உத்தரவு உண்டு. ஆனாலும் பெங்களூர் நெடுஞ்சாலையிலே மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி ஓயவில்லை. இரவு ஷிப்டில் தூக்கத்தைத் துரத்த வாயிலே அடக்கிக்கொள்கிற தோழரே, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் தழும்பு தெரிந்தாலும், வாயைத் திறப்பது கடினமானாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முற்றிய பிறகு அடையாற்றுக்கு ஓடுவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

2021-லே "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேதான் தொடங்கி வைத்தார்கள். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது; வரவேற்கிறோம். அன்று வகுத்த பட்டியலிலே பல் இல்லை. வீட்டுக்கு வரும் அந்தச் சகோதரி, பாட்டியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, திண்ணையிலே நிற்கும் பேரப்பிள்ளையை "ஈ" காட்டச் சொல்லி முன்பல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அரை நிமிடம் ஆகுமா?

அந்தக் குறிப்பு எதற்கு? குழாய் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளிலே மூத்தவர்களுக்கு இப்போது முன்பற்கள் எல்லாம் முளைத்து முடிந்துவிட்டன. அவர்களுடைய பல்தான் அந்தத் திட்டத்தின் உண்மையான தணிக்கை அறிக்கை. எந்த ஊர்ப் பள்ளியிலே ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பல் வெளுத்திருக்கிறதோ, அங்கே நல்ல நீர் வாய் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த ஊரிலே இன்னும் பழுப்பு தெரிகிறதோ, அங்கே குழாய்க்கும் வாய்க்கும் இடையிலே எங்கோ கோளாறு. நம் கழகத் தோழர்களிலே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தாய்மார்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராக இந்தக் கணக்கை எடுக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. எடுத்த கணக்கை மறைக்காமல் வெளியிட வேண்டும், நம் கட்சிக்காரர் தலைவராக இருக்கும் ஊராட்சியாக இருந்தாலும் சரி.

கேட்பதற்கு இடமும் உண்டு, நாளும் உண்டு. நாலாக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆறாயின. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றிலே ஒன்று. பர்கூர் ஒன்றியத்து ஊராட்சிகளிலே அன்று நம் தோழர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. ஊரிலுள்ள ஒவ்வொரு பம்பும் ஒவ்வொரு தொட்டியும் கடைசியாக எந்த மாதத்திலே சோதிக்கப்பட்டது? லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் புளோரைடு? தொட்டியிலே ஆழ்குழாய் நீர் கலக்கப்படுகிறதா? இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்திலே 1.5 வரை பொறுக்கலாம். சோதிக்கும் சிறு பெட்டி ஊராட்சிக்குத் தரப்படுகிறது. ஊருக்கு ஐந்து பெண்களைப் பழக்க வேண்டும் என்பது 2019-லே தொடங்கிய குடிநீர் இயக்கத்தின் ஏற்பாடு. உங்கள் ஊரிலே அந்த ஐவர் யார், பெட்டி யார் வீட்டுப் பரணிலே இருக்கிறது என்று முதலிலே விசாரியுங்கள். எண்ணைப் பள்ளிக்கூடச் சுவரிலே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 1.5-க்கு மேலே காட்டிய பம்பு எதுவோ, அதற்கு மறுநாள் காலையிலேயே சிவப்பு வண்ணம் அடித்து, "குடிக்கவும் சமைக்கவும் ஆகாது, துணி துவைக்கலாம்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதி வையுங்கள். குவாரிப் பக்கம் இருப்பதற்கு இந்தியிலும் எழுதுங்கள்.